நாலு டாலர் டாக்டர்

கனடாவிலும் லண்டன் என்று ஓர் ஊர் உண்டு. 1920 ஜூலையில் அங்கே ஓர் இளம் டாக்டர் வாசலில் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டு நோயாளிகளுக்காகக் காத்திருந்தார். அந்த மாதம் முழுவதும் அவருக்குக் கிடைத்த வரும்படி 4 டாலர்!

அவர்தான் பிரடெரிக் பாண்டிங். 1891 நவம்பர் 14-ல் ஆலிஸ்டன் அருகே ஒரு குடியானவர் வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். முதல் உலக யுத்தத்தில் ராணுவ டாக்டராகப் போய்க் கையில் காயத்துடன் திரும்பியவர்.

கைச்செலவுக்காக உள்ளூர்க் கல்லூரியில் பாடமும் நடத்தினார். அக்டோபர் கடைசியில் ஒரு நாள், பாடத்துக்குத் தயார் செய்துவிட்டு, கணையத்தைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தார். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்துக்கு இரண்டு உத்தியோகம். ஜீரண நீரைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்புவது ஒன்று. அதனுள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் சில அணுக்கூட்டங்கள் வேறொரு சுரப்பை நேராக ரத்தத்தில் கலக்கின்றன. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகளுக்குள் புகுத்துவதும், மிச்சத்தை ஈரலில் சேர்த்து வைக்கச் செய்வதும் அந்தச் சுரப்புத்தான். அது நின்றுபோனால் ரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாக ஓடும். உடம்போ பட்டினி கிடக்கும். அந்நாளில் நீரிழிவு கண்ட குழந்தைகளுக்கு டாக்டர்கள் செய்ய முடிந்ததெல்லாம், உணவைக் குறைத்துச் சாவைச் சில காலம் தள்ளிப் போடுவதுதான்.

அந்தச் சுரப்பைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்று தோற்றிருந்தார்கள். ஜீரண நீர் அதை அழித்துவிடுகிறது. குழாயைக் கட்டிவிட்டால் சுரப்பு தப்பும் என்று பாண்டிங்குக்குத் தோன்றியது. டொராண்டோ சர்வகலாசாலைப் பேராசிரியர் மக்லியாடிடம் போனார். அனுபவமில்லாத இந்த ஆளிடம் அவருக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஓர் அறை, 10 நாய்கள், உதவிக்குச் சார்லஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவர் ஆகியவற்றைக் கொடுத்தார். 1921 மே மாதம் வேலை துவங்கியது. கணையத்தை இழந்த நாய்கள் ஊசி மருந்தால் உயிர் தரித்தன. வேடிக்கை என்னவென்றால், குழாயைக் கட்டவே வேண்டியதில்லை! கசாப்புக் கூடத்து மாட்டுக் கணையமே போதும் என்று பிறகு தெரிந்தது.

1922 ஜனவரி 11. டொராண்டோ ஆஸ்பத்திரியில் லியனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையன். எடை 65 ராத்தல். ஊசி போட்டார்கள். பலிக்கவில்லை, போட்ட இடத்தில் கட்டி கிளம்பியதுதான் மிச்சம். காலிப் என்ற ரசாயன நிபுணர் இரவு பகலாக மருந்தைச் சுத்தம் செய்தார். 23-ந் தேதி மறுபடியும் ஊசி. சர்க்கரை மளமளவென்று இறங்கியது. பையன் பிழைத்தான், அதன்பின் 13 வருஷம் வாழ்ந்தான். அந்த மருந்துதான் இன்சுலின்.

1923-ல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் கிடைத்தது. பெஸ்டை விட்டுவிட்டார்களே என்று பாண்டிங் கொதித்தார். தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்லியாடும் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். மருந்தின் உரிமையைப் பாண்டிங் தம் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. பெஸ்ட், காலிப் இருவரும் அதைச் சர்வகலாசாலைக்குத் தலைக்கு 1 டாலருக்கு விற்றுவிட்டார்கள்.

1941 பிப்ரவரியில் யுத்த காரியமாக இங்கிலாந்துக்குக் கிளம்பிய பாண்டிங்கின் விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. விமானி மட்டும் பிழைத்தார். பாண்டிங்குக்கு அப்போது வயது 49.