மூக்கை அளந்த துரை

எட்கர் தர்ஸ்டன் 1855-ல் பிறந்த ஆங்கிலேயர். மருத்துவம் படித்தவர். 1885-ல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக வந்தார்.

மனிதரையும் அவர்கள் வாழும் வகையையும் ஆராயும் படிப்புக்கு மானிடவியல் என்று பெயர். தர்ஸ்டனுக்கு அதில் தீராத ஆசை. அளவுகோலும் கையுமாக அலைந்தார். தலையை அளந்தார். மூக்கை அளந்தார்.

ஜனங்கள் பயந்தார்கள்! தங்களைப் பஞ்சடைத்துக் காட்சிக்கு வைத்துவிடுவார் என்று வயநாட்டுப் பணியர் பெண்கள் நடுங்கினார்கள். நீலகிரியில் இருளர் ஒருவர், உயரம் பார்க்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று எண்ணி, கிட்டவே போகவில்லை.

1909-ல், ரங்காச்சாரி துணையோடு, தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். தொழில், சடங்கு, பழக்கம் எல்லாம் அவற்றில் உண்டு. 1935-ல் காலமானார்.

மூக்கை அளந்து மனிதரை வகை பிரிப்பது தவறு என்று பின்னாளில் அறிஞர்கள் கண்டார்கள். மக்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்பதல்லவா முக்கியம்?

காட்டூரை அடுத்த பழவேற்காடு ஏரியைப் பாருங்கள். அங்கே மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல இடத்தில் இன்று ஒருவர் வலை போட்டால், நாளை அடுத்தவர் முறை. சண்டை வராமல் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடு இது. இதை எந்த அளவுகோலும் காட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.