கொல்லர் மகன் தேடிய உருக்கு

ஐதராபாத்தில் வாழும் நாம், எஃகினைத் தெலுங்கில் 'உக்கு' என்று அழைக்கக் கேட்டிருக்கிறோம். தமிழில் அதற்கு 'உருக்கு' என்றும் பெயர் உண்டு. இந்நகருக்கு வடக்கே, நிசாமாபாத் மாவட்டத்தில் கோனசமுத்திரம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள கொல்லர்கள் முற்காலத்தில் இரும்பைக் களிமண் மூசையில் இட்டு, வாயை மூடி, கரி உலையில் நெடுநேரம் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு உயர்ந்த உருக்கினைச் செய்தனர். அதனை வாங்கப் பாரசீக வணிகர்கள் அவ்வூருக்கே வந்தனர். தமிழ்நாட்டிலும் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் இவ்வுருக்கை 'வூட்ஸ்' என்று அழைத்தனர். அதன் மறைபொருளை அறிய முயன்றவர்களுள் ஒருவர் மைக்கேல் ஃபாரடே.

ஃபாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இலண்டன் அருகே பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஒரு கொல்லர், அடிக்கடி நோயுற்றவர். குடும்பத்தில் வறுமை நிலவியது. எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் ஓரளவு கற்றதோடு ஃபாரடேயின் பள்ளிப்படிப்பு முடிந்தது. பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவலாளராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஏழாண்டுகள் நூற்கட்டுத் தொழில் பயின்றார். கட்டுவதற்கு வந்த நூல்களையெல்லாம் படித்தார்.

1812-இல், இராயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, படங்கள் வரைந்து, அழகிய நூலாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். 1813-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூட உதவியாளராக நியமிக்கப்பெற்றார்.

அக்காலத்தில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்யும் வினைஞர் இந்திய உருக்கின் மேன்மையைத் தம் தொழிலில் கண்டறிந்திருந்தார். அவரும் ஃபாரடேயும் இணைந்து ஆய்வைத் தொடங்கினர். ஃபாரடே 1819-இல் வூட்ஸ் உருக்கைப் பகுத்தாய்ந்து கட்டுரை வெளியிட்டார். அதில் சிறிதளவு அலுமினியம் கலந்திருப்பதாகவும், அதுவே அதன் சிறப்புக்குக் காரணம் என்றும் கருதினார். பின்னர் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், குரோமியம் முதலிய உலோகங்களை எஃகுடன் கலந்து உருக்கிப் பார்த்தனர். கூர்மை மிகுந்த கருவிகளைச் செய்வதும், எளிதில் மங்காத உலோகத்தைக் காண்பதும் அவர்களுடைய நோக்கங்கள். 500 பங்கு எஃகில் 1 பங்கு வெள்ளி கலந்த எஃகு நல்ல பயன் தந்தது. ஆய்வு முடிவுகள் 1820-இலும் 1822-இலும் வெளிவந்தன. 1823-இல் ஸ்டோடார்ட் மறைந்தார். அதன்பின் சிறிது காலத்தில் ஃபாரடேயும் அவ்வாய்வைக் கைவிட்டார்.

வூட்ஸைப் பற்றிய ஃபாரடேயின் முடிவு சரியானதன்று. அதன் வலிமைக்கு அலுமினியம் காரணமில்லை என்று பிற்காலத்தார் கண்டனர். என்ன கலந்திருக்கிறது என்பதைப் போலவே, அது உள்ளே எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதும் முதன்மையானது. வூட்ஸ் உருக்கில் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு கரி உண்டு. மெல்ல ஆறும்போதும் அடித்து நீட்டும்போதும், கரியும் இரும்பும் சேர்ந்த கடினமான துகள்கள் வரிவரியாக அமைகின்றன. வாளின்மீது தோன்றும் அலைக்கோலம் இதனால் விளைவதே. அத்துகள்களே வாயைத் தேயாமல் காக்கின்றன.

எஃகைச் செம்மை ஏறக் காய்ச்சிச் சட்டென்று நீரில் தோய்த்தால் வேறோர் அமைப்பு உண்டாகும். கரி பிரிந்து செல்ல நேரமின்றி, இரும்பணுக்களிடையே சிக்கிக்கொள்ளும். இவ்வமைப்புக்கு ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக 'மார்ட்டென்சைட்டு' என்று பெயர். இது மிகவும் கடினமானது. ஆனால் எளிதில் நொறுங்கும். அதனை மீண்டும் மிதமான சூட்டில் காய்ச்சினால், கடினம் சற்றுக் குறைந்து, முறியாத உறுதி கூடும்.

துருவுக்கும் இவ்வாறே ஒரு காரணம் உண்டு. எஃகில் ஏறக்குறைய 12 விழுக்காடு குரோமியம் கரைந்திருந்தால், மேற்பரப்பில் மெல்லிய படலம் தோன்றித் துருவைத் தடுக்கும். அக்குரோமியம் கரியோடு சேர்ந்து துகள்களாகப் பிரிந்துவிட்டால், சுற்றியுள்ள பகுதி காப்பிழந்து அரிபடும். ஃபாரடே சேர்த்த குரோமியம் அந்த அளவைவிட மிகக் குறைவு. அவர் தேடிய மங்காத எஃகு, 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லியின் கைகளில் உருப்பெற்றது.

எஃகின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் காணும் முறையை ஹென்றி சார்பி 1863-இல் தொடங்கினார். ஃபாரடே எஃகை ஆராய்ந்த காலத்தில் அம்முறை இல்லை.

ஃபாரடே பின்னர் மின்னியலில் ஈடுபட்டார். 1831-இல் அவர் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இன்றைய மின்னாக்கிகளுக்கு அடிப்படை. சர் பட்டத்தையும் இராயல் கழகத்தின் தலைமைப் பதவியையும் ஏற்க மறுத்தார். 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பெட்டியொன்றில் 79 எஃகுத் துண்டுகள் இருந்தன. அவற்றை ஆராய்ந்து இராபர்ட் ஹாட்ஃபீல்டு 1931-இல் நூல் வெளியிட்டார்.

இன்று ஐதராபாத்தின் கஞ்சன்பாக் பகுதியில், 1973-இல் தொடங்கப்பெற்ற மிஸ்ர தாது நிகம் நிறுவனம் விண்வெளிப் பணிக்குரிய சிறப்பு எஃகுகளைச் செய்கிறது. கோனசமுத்திரத்தின் உலைகள் அணைந்துவிட்டன. அவ்வூர்க் கொல்லர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் செய்த உருக்கு மட்டும் கடல் கடந்து சென்று, வேறொரு கொல்லரின் மகனைச் சிந்திக்க வைத்தது.

அருஞ்சொற்பொருள்
மூசை – உலோகம் உருக்கும் மண்கலம்
வினைஞர் – கைத்தொழில் வல்லவர்
அரிபடுதல் – சிறிது சிறிதாகச் சிதைதல்

வினாக்கள்
1. ஃபாரடே இராயல் நிறுவனத்தில் சேர்ந்தது எவ்வாறு?
2. வூட்ஸ் உருக்கைப் பற்றிய அவருடைய முடிவு ஏன் தவறாயிற்று?
3. தோய்த்த எஃகை மீண்டும் காய்ச்சுவது எதற்காக?
4. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, உங்கள் ஊர்க் கொல்லர் பட்டறையைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.