ஆர்.கே.சேகர்: மிடி வயர் வருவதற்கு முன்பே இசையை ‘சிங்க்’ செய்தவர்

தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ ஒரு சின்ன அறை. மேஜையில் ஒரு லேப்டாப், ஒரு கீபோர்டு, ஒரு டிரம் மெஷின். பிளே பட்டனைத் தட்டினால் மூன்றும் ஒரே நொடியில் கிளம்பும், ஒரே வேகத்தில் ஓடும், ஒன்றாக நிற்கும். இசை செய்பவர்கள் இதை ‘சிங்க்’ என்கிறார்கள். இன்று இது யாரும் யோசிக்காமலே நடக்கிற விஷயம்.

50 வருடங்களுக்கு முன்பு மெட்ராஸ் ஸ்டூடியோக்களில் இதே வேலையை ஒரு மனிதர் கையசைத்துச் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலையில் பெயர் எடுத்தவர் ஆர்.கே.சேகர். ஏ.ஆர்.ரஹ்மானின் அப்பா, ஜி.வி.பிரகாஷ்குமாரின் தாத்தா என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். சினிமா இசை மனிதர்களின் கையிலிருந்து மெஷின்களின் கைக்குப் போன கதையில் அவருக்கும் ஓர் இடம் இருக்கிறது.

யார் இந்த சேகர்?

1933ல் பிறந்தவர். முழுப்பெயர் குலசேகர். 1960களில் மலையாளப் படங்களில் பெரும்பாலானவை மெட்ராஸில்தான் தயாராயின. நடிகர்கள் கேரளாவிலிருந்து வருவார்கள். பாட்டும் பின்னணி இசையும் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஸ்டூடியோக்களில் பதிவாகும். தமிழரான சேகர் மலையாள சினிமாவின் முக்கியமான இசைக் கலைஞர்களில் ஒருவரானது இப்படித்தான்.

1964ல் ‘பழசி ராஜா’ படத்தின் மூலம் இசையமைப்பாளர் ஆனார். அதே வருடம் ‘ஆயிஷா’. இரண்டு படங்களுக்குப் பிறகு அவருக்கு வரிசையாக வாய்ப்புகள் வந்திருக்கும் என்றுதானே தோன்றும்? வரவில்லை. இசையமைப்பாளராக அவர் பெயர் மறுபடி திரையில் வர 1971 ஆகிவிட்டது. படம், ‘அனாத சில்பங்கள்’.

இடைப்பட்ட அந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களுக்கு வாத்திய அமைப்பு செய்தார், குழுவை நடத்தினார். தேவராஜன், எம்.கே.அர்ஜுனன், சலில் சௌத்ரி என்று பெரிய பெயர்களோடு வேலை செய்தார். சொந்தமாக இசையமைத்த படங்கள் 20க்கும் மேல். மற்றவர்களுக்காகக் குழு நடத்திய படங்கள் 100க்கும் மேல். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் அவருடைய வாழ்க்கை இருக்கிறது.

அரேஞ்சர் என்ன செய்வார்?

சிம்பிளாகச் சொன்னால், இசையமைப்பாளர் மெட்டு தருவார். அரேஞ்சர் அதைப் பாட்டாக்குவார். முகப்பு இசையில் எது வரணும், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வயலின்கள் என்ன வாசிக்கணும், புல்லாங்குழல் எந்த இடத்தில் நுழையணும் என்று முடிவு செய்து, ஒவ்வொருவருக்கும் நொட்டேஷன் எழுதிக் கொடுப்பார். பிறகு ரிகர்சல். கடைசியாக டேக்.

அந்த டேக்தான் கஷ்டம். அப்போது ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்து, பிறகு கலக்கும் வசதி கிடையாது. பாடகர், வயலின்காரர்கள், தபலா, கிடார் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். கடைசி வரியில் ஒருவர் தப்பு செய்தாலும் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஹெட்போனில் டிக், டிக் என்று தாளம் காட்டும் க்ளிக் டிராக்கும் இல்லை. எதிரே நிற்பவரின் கைதான் கடிகாரம்.

பின்னணி இசை என்றால் இன்னும் சிக்கல். திரையில் காட்சி ஓடும். கதவு திறக்கும் நொடியில் இசை நிற்க வேண்டும் என்றால், படத்தையும் பார்த்து, நொட்டேஷனையும் பார்த்து, குழுவையும் பார்த்துக் கையசைக்க வேண்டும். லேசுப்பட்ட வேலை இல்லை. சேகர் ஒரே நாளில் பல ஸ்டூடியோக்களுக்கு ஓடி இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

மெஷின்கள் வீட்டுக்கு வந்தன

சேகருக்குப் புதுக் கருவிகள் மேல் ஆசை அதிகம். சிந்தசைசர் என்பதே சினிமா ஸ்டூடியோக்களில் அபூர்வமாக இருந்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒன்றை வாங்கி வைத்திருந்தார். வீட்டில் கருவிகள் சேர்ந்தன. மகன் திலீப்புக்கு அவைதான் விளையாட்டுச் சாமான்கள்.

மின்னணு ஒலி அப்போது இந்திய சினிமாவுக்கு முற்றிலும் புதிதல்ல. 1954ல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தில் மகுடி மாதிரி ஒலித்தது மகுடி அல்ல, கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவி. ஆனால் கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. ஒரு கருவியில் ஒருவர் உட்கார்ந்து வாசித்தால்தான் ஒலி வரும். தாளம் வாசிக்கும் ரிதம் பாக்ஸ்கள் தானாக ஓடும், ஆனால் தன் வேகத்தில் மட்டுமே ஓடும்.

ஏன் அவை ஒன்றோடொன்று சேரவில்லை?

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு ரிதம் மெஷின்களை ஒரே நேரத்தில் தட்டி விடுகிறீர்கள். ஒன்று நிமிடத்துக்கு 120 தட்டு. இன்னொன்று 120.5. காதுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 4 நிமிடப் பாட்டு முடியும்போது இரண்டுக்கும் நடுவில் 2 தட்டு இடைவெளி விழுந்திருக்கும். அந்தக் கால மெஷின்களில் வேகத்தை எண்ணாகக் காட்டும் திரைகூட இல்லை. ஒரு திருகு மட்டும்தான். சூடு ஏறினால் அனலாக் சிந்தசைசர்களின் சுருதியே லேசாக நகரும்.

தீர்வு ஒன்றுதான்: ஒரே கடிகாரம், மற்றதெல்லாம் அதைப் பின்பற்ற வேண்டும். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டுநரும் தன் கைக்கடிகாரத்தை மட்டும் நம்பி ஓட்டினால் பரங்கிமலை தாண்டுவதற்குள் குழப்பம் ஆரம்பித்துவிடும். ஸ்டூடியோவில் அந்தப் பொதுக் கடிகாரம் சேகர் மாதிரியான ஆட்கள்தான்.

1976

செப்டம்பர் 30, 1976. சேகர் இறந்தபோது வயது 43. மகனுக்கு 9 வயது. மூத்த மகளும் இரண்டு இளைய மகள்களும் இருந்தார்கள். அந்த வருடம் வந்த ‘சோட்டாணிக்கரை அம்மா’ அவருடைய கடைசிப் படங்களில் ஒன்று.

100 படங்களுக்குக் குழு நடத்தியவரின் குடும்பத்துக்கு மாத வருமானம் என்று எதுவும் இல்லை. அரேஞ்சருக்கு அன்றன்றைய வேலைக்குத்தான் சம்பளம். மிச்சமிருந்தவை அவர் சேர்த்த கருவிகள். மனைவி கஸ்தூரி (பிற்காலத்தில் கரீமா பேகம்) அவற்றை ஸ்டூடியோக்களுக்கு வாடகைக்கு விட்டார். அந்த வாடகைதான் வீட்டை ஓட்டியது. சேகரின் கை நின்ற பிறகும் அவருடைய மெஷின்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நாளில் மகனும் போனார். 11 வயதிலேயே இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தார். அப்பா வாத்திய அமைப்பு செய்து கொடுத்த அர்ஜுனனும் அவருக்கு வாய்ப்பு கொடுத்தார்.

ஒரு வயர் என்ன மாற்றியது?

சேகர் இறந்து 4 வருடத்தில், 1980ல், ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி டிஆர்-808 டிரம் மெஷினை வெளியிட்டது. அதன் பின்னால் ‘டின் சிங்க்’ என்ற துளை இருந்தது. ஒரு கால் தட்டுக்கு 24 மின் துடிப்புகள் அதன் வழியே போகும். இணைத்த கருவி அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொண்டே கூட ஓடும். மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982ல் இந்த டிஆர்-808ஐயும் டிபி-303 என்ற பேஸ் மெஷினையும் சேர்த்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பமே போட்டார்.

ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. கோர்க் கருவிகள் 48 துடிப்புகளை எதிர்பார்க்கும். அதற்கு ரோலண்டின் 24ஐக் கொடுத்தால் பாதி வேகத்தில் நகரும். இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் மிடி வந்தது. ஜனவரி 1983ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கண்காட்சியில் சீக்வென்ஷியல் கம்பெனியின் கீபோர்டும் ரோலண்டின் கீபோர்டும் ஒரே வயரில் பேசிக்கொண்டன. எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்தணும், என்ன தாளம் என எல்லாமே எண்களாகப் போகும். 30 வருடம் கழித்து, இதற்காக ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷிக்கும் சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது.

மெட்ராஸுக்கும் அது வேகமாக வந்தது. 1986ல் இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ கம்ப்யூட்டர் இசை என்ற அடையாளத்தோடு வந்தது. அதில் புரோகிராமிங் செய்தவர் சேகரின் மகன். 1992ல் ‘ரோஜா’. வீட்டை ஒட்டிய சொந்த ஸ்டூடியோவில், மெஷின்கள் ஒன்றையொன்று பார்த்து ஓட, மனிதர்களைத் தேவைக்கு ஏற்ப ஒவ்வொருவராக அழைத்துப் பதிவு செய்யும் முறை பிரபலமானது. அப்பா 40 பேரை ஒரே நேரத்தில் கூட்டி வைத்துச் செய்ததை மகன் ஒரு அறைக்குள் செய்ய முடிந்தது. கையசைத்துக் குழுவை நடத்துவதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களுக்கு வேலை குறையத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

பழைய கருவியை இன்று இணைக்க முடியுமா?

முடியும். சேகர் காலத்து அனலாக் சிந்தசைசர்களில் மின்னழுத்தம்தான் சுருதி. பல கருவிகளில் 1 வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். லேப்டாப்பிலிருந்து வரும் மிடி எண்களை இந்த வோல்ட்டாக மாற்றித் தரும் சின்னப் பெட்டிகள் கடைகளில் உண்டு. டின் சிங்க் துளை உள்ள டிரம் மெஷின் என்றால், மிடி கடிகாரத்தைத் துடிப்புகளாக மாற்றும் பெட்டி போதும்.

ஒரு எச்சரிக்கை: டின் சிங்க் பிளக்கும் மிடி பிளக்கும் பார்க்க ஒரே மாதிரி, 5 ஊசி. நேரடியாகச் செருகினால் கருவி ஓடாது. மொழி வேறு. பெட்டியைக் கடந்து வருவதால் ஒலி சில மில்லிநொடி தாமதமாகலாம். மென்பொருளில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். சிங்க் துளையே இல்லாத பழைய ரிதம் பாக்ஸ் என்றால், அதை ஓட விட்டுப் பதிவு செய்து, லேப்டாப்பை அதன் வேகத்துக்கு வளைப்பதுதான் சுலபமான வழி.

இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். சேகர் குழு நடத்திய ஒரு பழைய மலையாளப் பாட்டை லேப்டாப்பில் போட்டு, அதன் வேகத்தை அளந்து பாருங்கள். எண் ஒரே இடத்தில் நிற்காது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் கூடும், ஒரு பெருமூச்சு மாதிரி இடத்தில் கொஞ்சம் குறையும். மென்பொருள் இதைப் பிழை என்று காட்டலாம். ஆனால் காதில் பிழையாகக் கேட்காது. ஏனென்றால் வேகம் கூடும்போது வயலின், தபலா, பாடகர் என்று அத்தனை பேரும் ஒருவரின் கையைப் பார்த்து ஒன்றாகவே கூடுகிறார்கள். டைட்டில் கார்டில் அந்தக் கைக்காரரின் பெயர் பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் இருக்கும். அடுத்த முறை அதையும் ஒரு நொடி நிறுத்திப் படியுங்கள்.