பஞ்சத்தில் விரிந்த கை

தமிழின் முதல் நாவலைத் தந்தவர் என்றே மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாம் படித்திருக்கிறோம். அவருடைய ஈகையை அதிகம் பேசுவதில்லை.

1826-இல் திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப்பாக உயர்ந்தார். கைக்கூலி வாங்குவோரைத் தம் நீதிநூலில் கண்டித்தார்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அப்போது அவர் பதவியிலிருந்து விலகியிருந்தார். ஆயினும் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாக்கிய சைவர் கோபாலகிருஷ்ண பாரதியார், இந்தக் கிறிஸ்தவரின் வள்ளன்மையைப் பாடிப் புகழ்ந்தார். 1889-இல் வேதநாயகம் பிள்ளை மறைந்தார்.

அத்தகைய வறுமைக் காலங்களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தேவாலயத்தில் காணிக்கைப் பை நம் வரிசைக்கு வரும்போது, படிப்புக் கடன் தீரட்டும், சம்பளம் உயரட்டும், பிறகு தாராளமாகக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடுகிறோம்.

அவரோ சம்பளம் நின்ற பிறகு கொடுத்தார். மனமுவந்து கொடுப்பதற்கு நல்ல காலம் வரவேண்டும் என்பதில்லை.