பட்டம் இல்லாமல் திரும்பி வந்த மாணவர்

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். மகனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. சாப்பாடு ஒத்துவரவில்லை, அவர்கள் பேசுவது புரியவில்லை, வந்துவிடட்டுமா அத்தா என்று பையன் போனில் கேட்கிறானாம். கடன் வாங்கி அனுப்பிய தகப்பனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நம் உளுந்தூர்பேட்டை போன்ற ஊர்களில் இன்று பல வீடுகளில் இந்தக் கவலை இருக்கிறது.

அவரிடம் நான் ஒருவருடைய கதையைச் சொன்னேன். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடுகிற தேசிய கீதத்தை எழுதிய இரவீந்திரநாத் தாகூரின் கதை அது.

1861-ல் கல்கத்தாவில் ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. பள்ளி மாற்றிப் பார்த்தார்கள். எதிலும் அவர் படிப்பை முடிக்கவில்லை. கடைசியில், சீமைக்குப் போய் பாரிஸ்டர் ஆகட்டும் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். ஐ.சி.எஸ். பதவிக்குத் தேர்வான முதல் இந்தியரான அண்ணன் சத்யேந்திரநாத் அப்போது அகமதாபாத்தில் நீதிபதி. ஷாஜஹான் இளவரசராக இருந்தபோது கட்டிய ஷாஹிபாக் மாளிகைதான் அவர் வீடு. அண்ணன் நீதிமன்றம் போனபின் அந்தப் பெரிய மாளிகையில் தம்பி தனியாக உட்கார்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகங்களைப் படித்தார்.

1878 செப்டம்பர் 20 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 17. கப்பல் ஆட்டத்தில் முதல் சில நாட்கள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஏடன், சூயஸ், அலெக்சாண்டிரியா, பாரிஸ், லண்டன் வழியாக இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள பிரைட்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அண்ணி ஞானதானந்தினி முந்திய ஆண்டே பிள்ளைகளோடு அங்கே போயிருந்தார். பக்கத்து ஹோவ் பகுதியில் ‘மதீனா வில்லாஸ்’ என்ற தெருவில் தங்கினார்கள்.

அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு அண்ணன் பிள்ளைகளே சிரித்தார்கள். எழுதுவது ஒன்று, சொல்வது வேறொன்றாக இருக்கும் மொழியில் தன் குற்றம் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. ஒருநாள் இரவு கணப்பருகில் உட்கார்ந்திருந்தபோது பிள்ளைகள் ஓடிவந்து வெளியே அழைத்தார்கள். நிலா வெளிச்சத்தில் பூமி முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. வாழ்க்கையில் அவர் பார்த்த முதல் பனிப்பொழிவு அது.

பிரைட்டனில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். நிறம் வேறு, நாடு வேறு, பேச்சு வேறு. கேலி செய்வார்களோ என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. உடன்படித்த பையன்கள் ஆரஞ்சும் ஆப்பிளும் கொண்டுவந்து அவர் பைக்குள் திணித்துவிட்டு ஓடிப்போவார்களாம். வயதான பிறகு தன் வாழ்க்கையை எழுதியபோதும் இதை அவர் மறக்கவில்லை.

உறவுக்காரர்களோடு இருந்தால் படிப்பு வராது என்று குடும்ப நண்பர் தாரக்நாத் பாலித் அவரை லண்டனுக்கு அழைத்துப்போய்த் தனி அறையில் விட்டார். குளிர்காலம், எதிரே இருந்த பூங்காவில் மரங்களெல்லாம் இலை உதிர்ந்து நின்றன. பேச ஆளில்லை. லத்தீன் சொல்லித்தர வந்த ஏழை ஆசிரியர் ஏதோ ஓர் ஆராய்ச்சிச் சிந்தனையில் மூழ்கியிருந்ததால் பாடம் நடக்கவில்லை. விடைபெறும்போது, நான் ஒன்றும் சொல்லித்தரவில்லையே என்று சம்பளத்தை வாங்க மறுத்தார் அந்த மனிதர். வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஹென்றி மார்லி என்ற பேராசிரியரிடம் ஆங்கில இலக்கியம் படித்தார். ஸ்காட் என்ற மருத்துவர் வீட்டில் தங்கினார். இந்தியன் ஒருவன் வரப்போகிறான் என்று கேட்டு, அந்த வீட்டுப் பெண்மக்கள் இருவர் பயந்து உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆபத்தில்லாத பிள்ளை என்று தெரிந்த பிறகுதான் திரும்பினார்கள். சில நாட்களிலேயே அவர் அந்த வீட்டுப் பிள்ளைபோல ஆனார். திருமதி ஸ்காட் பெற்ற மகனைப்போலவே கவனித்துக்கொண்டார்.

அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் குடும்பப் பத்திரிகையான ‘பாரதி’யில் வெளிவந்தன. இளம் வயதில் அந்த நாட்டைப்பற்றி அவசரப்பட்டு எழுதிவிட்டோமே என்று பின்னாளில் வருந்தினார். வெளிநாடு போன மறுவாரமே எல்லாம் தெரிந்ததுபோல் பதிவு போடும் நம் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

1880-ல் வீட்டாரின் அழைப்பின்பேரில், பட்டம் எதுவும் பெறாமல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு பாரிஸ்டர் படிப்புக்காக மறுபடியும் சகோதரி மகனுடன் புறப்பட்டார். இந்த முறை இங்கிலாந்துவரைகூடப் போகவில்லை. நம் சென்னையிலேயே கப்பலை விட்டு இறங்கிக் கல்கத்தா திரும்ப நேர்ந்தது.

அப்போது தந்தை தேவேந்திரநாத் முசூரி மலையில் இருந்தார். இரண்டு முறை செலவு வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்த மகன் நடுங்கிக்கொண்டே அவர்முன் போய் நின்றார். தந்தை கோபிக்கவில்லை. இதிலும் இறைவன் ஒரு நன்மை வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டவர்போல மகிழ்ச்சியாகவே இருந்தார்.

அந்த மகன் 1901-ல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். 1921-ல் அது விஸ்வபாரதி ஆனது. 1913-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இங்கிலாந்தில் படித்துப் பட்டம் வாங்காத அவருக்கு, 1940-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சாந்திநிகேதனுக்கே ஆள் அனுப்பி டாக்டர் பட்டம் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 7-ல் காலமானார்.

திரும்பி வருகிற எல்லாப் பிள்ளையும் தாகூர் ஆகிவிடாது. தாகூர் வீட்டில் இருந்த வசதியும் நமக்கு இல்லை; கடன் கடன்தான். ஆனாலும் தோல்வியைத் தகப்பனிடம் வந்து சொல்ல ஒரு பிள்ளைக்குத் தைரியம் இருக்க வேண்டும். அந்தத் தைரியத்தைத் தகப்பன்தான் கொடுக்க முடியும்.

அந்தச் சகோதரரிடம் இதைத்தான் சொன்னேன். முதலில் குளிர்காலம் போகட்டும் என்று சொல்லுங்கள், பக்கத்து அறைப் பையனோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றிரவு அவர் மகனோடு வெகுநேரம் பேசியிருக்கிறார். பையன் இப்போதைக்கு அங்கேயே இருக்கிறான். நாமும் அவனுக்காக துஆ செய்வோம்.