20 ஆண்டுகள் ஒரே அறையில்... நோயாளிகளுக்கு நோயாளியாகவே எழுதிய ‘அம்மா’ - யார் இந்த ஏமி கார்மைக்கேல்?

சிவகாசி என்றால் இன்று பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர். இதெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னால், 1858 அக்டோபர் 22-ம் தேதி, அந்த ஊரில் ஒரு ஆங்கிலேய மிஷனரி இறந்துபோனார். பெயர் தாமஸ் ராக்லண்ட். கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பிடித்தவர். மெட்ராஸில் இருந்த செயலாளர் வேலையை விட்டுவிட்டு, அப்போதைய திருநெல்வேலி ஜில்லாவின் வடக்கே கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றினார். அதுவும் நுரையீரல் நோயோடு.

60 வருடங்களுக்கு மேல் கழித்து அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவர்தான் ஏமி கார்மைக்கேல். நோயோடு வேலை செய்த ஒருவரைப் பற்றி எழுதியவர், சில வருடங்களில் தானே நிரந்தர நோயாளி ஆகப்போகிறார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

வட அயர்லாந்தின் மில்ஐல் கிராமத்தில் 1867 டிசம்பர் 16-ல் பிறந்தார் ஏமி. சின்ன வயதிலிருந்தே நரம்பு வலி. ஜப்பானுக்குப் போனார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1895-ல் பெங்களூர் வந்தார், அடுத்த வருடம் தமிழ் படிக்கத் திருநெல்வேலிக்கு வந்தார். அதன்பிறகு சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. மொத்தம் 55 வருடங்கள்.

1901-ல் பிரீனா என்ற 7 வயதுச் சிறுமி, கோயிலுக்குப் பொட்டுக்கட்ட வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். முன்பு ஒருமுறை தப்பியதற்காகக் கையில் சூடு போட்டிருந்தார்கள். களக்காடு அருகே உள்ள டோனாவூர் இல்லம் இந்தக் குழந்தையில் இருந்துதான் தொடங்குகிறது. 1913-க்குள் 130 குழந்தைகள். எல்லோருக்கும் அவர் ‘அம்மா’. கடத்தல் புகார்களும் வழக்குகளும்கூட வந்தன. குழந்தைகளை மீட்பதோடு நிற்காமல் கிறிஸ்தவர்களாகவும் வளர்த்தார் என்பது அன்றைக்கும் இன்றைக்கும் அவர்மீது வைக்கப்படும் விமர்சனம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

1915-ல், ஆரம்பத்திலிருந்தே கூட உழைத்த பொன்னம்மாள் புற்றுநோயில் இறந்தார். மறுவருடம், தன்னோடு வேலை செய்த பெண்களைச் சேர்த்து ஜெபத்துக்கும் படிப்புக்குமாக ஒரு சிறு குழுவைத் தொடங்கினார் ஏமி. ஊழியம் செய்பவர்களின் மனசையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா? பின்னால் டோனாவூரில் எழுந்த மருத்துவமனைக்கு வைத்த பெயர் பரம சுக சாலை.

1931 அக்டோபர் 24. களக்காட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் நடந்த வேலையைப் பார்க்கப் போனார். இருட்டும் நேரம். கழிப்பறைக்காகப் புதிதாகத் தோண்டிய குழி கண்ணில் படவில்லை, உள்ளே விழுந்துவிட்டார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகிலும் அடி. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். அப்போது வயது 63. சாகும்வரை அந்த அறையை விட்டு அவர் வெளியே வந்ததே அபூர்வம்.

படுத்திருந்தபோது, நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் புத்தகங்கள் நிறைய வந்தன. அவற்றில் பலவற்றை அவரால் படிக்க முடியவில்லை. காரணம் எளிமையானது: எழுதியவர்கள் நல்ல உடம்போடு இருந்தவர்கள். பட்டாசு விபத்தில் தீக்காயத்தோடு மாதக்கணக்கில் கிடப்பவர்களைப் பார்த்த சிவகாசிக்காரர்களுக்கு இது உடனே புரியும். பார்க்க வருகிறவர் ‘எல்லாம் சரியாகிடும்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். வலி படுக்கையிலேயே இருக்கும்.

அதனால் ஏமி தானே எழுத ஆரம்பித்தார். நோயில் கிடந்த மற்றவர்களுக்கு, வலி குறையாத நாட்களிலேயே எழுதிய கடிதங்கள் அவை. 1933-ல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற புத்தகமாக வந்தன. முள்செடியில் பூத்த ரோஜா என்று பொருள். குணமாகிவிட்டேன் என்ற சாட்சி அதில் கிடையாது. ஜெபித்தும் உடம்பு சரியாகாதபோது விசுவாசத்தை என்ன செய்வது என்பதுதான் அதன் விஷயம். தூக்கம் வராத இரவு, மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற கூச்சம், இதையெல்லாம் வெட்கப்படாமல் எழுதினார். வலியை நல்லது என்று புகழவும் இல்லை.

அறைக்குள் இருந்தபடியே டோனாவூர் குடும்பத்தில் இருந்தவர்களுக்குச் சிறுசிறு குறிப்புகளும் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவை அவர் இறந்தபின் தினசரி தியானப் புத்தகமாக வந்து, டோனாவூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் எலியட் 1987-ல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

1951 ஜனவரி 18-ல் ஏமி இறந்தார். கல்லறைக்கல் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் குழந்தைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் ‘அம்மா’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.