ராத்திரி தூங்கவிடாத 'ஈசினோஃபிலியா' இருமல்... மருந்து தந்த சுப்பாராவ் யார்?

பகலில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ராத்திரி படுத்தால் போதும், வறட்டு இருமல், கூடவே இழுப்பு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒருவர் இப்படி இருமினால் மில் வேலை என்றால் பஞ்சுத் தூசி மேல் பழி போடுவாங்க, இல்லையென்றால் பனி மேல். லேபில் ரத்தம் கொடுத்தால் சிலருக்கு ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு எக்கச்சக்கமாக இருப்பது தெரியவரும்.

இதில் ஒரு வகைக்குத் தூசியும் பனியும் காரணமே இல்லை. யானைக்கால் நோயைத் தரும் அதே ஃபைலேரியா உருளைப்புழுதான் காரணம். மருத்துவத்தில் இதற்குப் பெயர் டிராபிக்கல் பல்மனரி ஈசினோஃபிலியா. இதற்கு இன்றும் முதலில் எழுதப்படும் மருந்து டிஇசி, அதாவது டைஎத்தில்கார்பமசின். அந்த மருந்து உருவான ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் மெட்ராஸில் படித்த யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

மெட்ரிக் பெயில், கதர்ச் சட்டை

1895 ஜனவரி 12 அன்று, அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முயற்சியில் மெட்ராஸ் இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து பாஸ் ஆனார். பிரசிடென்சி கல்லூரி முடித்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவைப் பார்த்துக்கொண்டவர் பின்னாளில் அவருக்கு மாமனாரானார்.

காந்தி அழைப்பை ஏற்று கதர் உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போனது அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் பட்டம்தான் கிடைத்தது.

வீட்டில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அண்ணன் தம்பி இரண்டு பேரை அடுத்தடுத்து இழந்தார். அதே நோய் அவருக்கும் வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். வெப்ப நாட்டு நோய்களைப் படிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

1922-ல் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டு பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்தார். கைக்குழந்தை மகன் இறந்த செய்தி அங்கேதான் வந்தது. சில வருடத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை. சேஷகிரி அவரை மறுபடி பார்க்கவில்லை. விஞ்ஞானிகளின் சாதனைப் பட்டியலில் இந்த மாதிரி விஷயத்துக்கு இடம் இருப்பதில்லை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார் (1925). தசையில் பாஸ்போகிரியாட்டின், பிறகு ஏடிபி என்று அடுத்தடுத்த கண்டுபிடிப்புகள். ஆனாலும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலம், புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட், ஆரியோமைசின் எல்லாம் அவர் தலைமையிலான குழுக்களின் வேலை.

போரில் வந்த புழு

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஃபைலேரியா தொற்றியது. அதுவரை இருந்தவை ஆர்சனிக், ஆன்டிமனி கலந்த மருந்துகள். புழுவுக்கும் விஷம், நோயாளிக்கும் விஷம். லெடர்லே குழு புழு தொற்றிய எலிகளுக்கு ஒவ்வொரு வேதிப்பொருளாகக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. அப்படிக் கிடைத்ததுதான் டிஇசி. 1947-ல் முடிவுகள் வெளியாயின. விற்பனைப் பெயர் ஹெட்ரசான். மறு வருடம் ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் மாரடைப்பில் இறந்துபோனார்.

இந்த நுரையீரல் நோய்க்கும் தன் மருந்துதான் தீர்வு என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. 1940-ல் மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தில் ஃபிரிமாட் மோலரும் பார்ட்டனும் காசநோய் மாதிரியே இருந்த, ஆனால் காசநோய் அல்லாத நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். 1943-ல் வைன்கார்டன் இதைத் தனி நோயாக விவரித்து ஆர்சனிக் கொடுத்தார். புழுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1950-களில் டிஇசி கொடுத்தபோது இருமல் நின்றது. 1960-ல் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் நோயாளிகளின் நுரையீரல் திசுவிலேயே மைக்ரோஃபைலேரியா என்ற குட்டிப் புழுக்களைக் காட்டினார்கள்.

ரத்தத்தில் ஏன் சிக்கவில்லை? சாதாரண ஃபைலேரியாவில் குட்டிப் புழுக்கள் ராத்திரி ரத்தத்தில் சுற்றும். இந்த நோயாளிகளின் உடம்போ புழுவை அளவுக்கு மீறி எதிர்க்கிறது. அதனால் அவை நுரையீரலிலேயே சிக்கி அழிகின்றன, அந்தச் சண்டையில் நுரையீரல் வீங்குகிறது. ஈசினோஃபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோ லிட்டருக்கு 3,000-ஐத் தாண்டும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும், அதைச் சரிசெய்ய வழி இல்லை.

ஆனா, ஈசினோஃபில் ஏறினாலே இந்த நோய் என்று அர்த்தமில்லை. ஆஸ்துமா, அலர்ஜி, நுரையீரல் வழியாகப் போகும் குடற்புழு என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் டாக்டர்கள் எக்ஸ்ரேயும், ஃபைலேரியா எதிர்ப்பொருள் பரிசோதனையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உறுதியானால் வழக்கமாக மூன்று வாரம் டிஇசி மாத்திரை. சிலருக்குத் திரும்ப வரும், மறுபடி ஒரு சுற்று எடுக்க வேண்டியிருக்கும்.